கண்டக்டர் சார்... ஒரே ஒரு நிமிஷம்!

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் வழியில் என்னவெல்லாம் பார்ப்பார்கள்? திருமங்கலம் தாண்டினால் கரிசல் காடு, விருதுநகரில் புரோட்டாக் கடை, சாத்தூர் சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய்... நான் பார்த்ததெல்லாம் மரம்! சும்மா மரமில்லை. ஒரு ஆள் பின்னால் போய் நின்றால் ரோட்டிலிருந்து தெரியாத அளவுக்குப் பருமன் உள்ள மரம். நாலுவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டித் தள்ளியபோது எல்லோரும் நிழல் போச்சே, மழை போச்சே என்று வருத்தப்பட்டார்கள். என் வருத்தம் வேறு. வெளியே சொல்ல முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 2018, 2019 என்று சுமார் ரெண்டு வருஷம் என் வாழ்க்கையை நடத்தியது நானில்லை, என் மூத்திரப்பை. சினிமாவுக்குப் போனால் ஓரத்து சீட். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதற்கு முன்னாடியே "அது எங்கிட்டு இருக்கு?" என்று விசாரணை. பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கத்து சீட். முதல் அரை மணி நேரம் அவரிடம் குடும்ப நலன் விசாரித்து சிநேகம் பிடித்துக் கொள்வேன். அதற்கப்புறம்தான் தலைப்பில் உள்ள வசனம் வரும்.

ஹார்ட் அட்டாக் என்றால் ஊரே ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறது. கால் முறிந்தால் கட்டுமேல் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த வியாதிக்கு மட்டும் யாரும் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்து நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்து சொன்னால்தானே வருவார்கள்?

கூச்சம் உயிரைக்கூட வாங்கும். டென்மார்க்கைச் சேர்ந்த டைக்கோ பிராஹி என்று ஒரு வானசாஸ்திரி. டெலஸ்கோப் வருவதற்கு முன்னாலேயே வெறும் கண்ணால் நட்சத்திரங்களை அளந்த மகா ஆசாமி. 1601 அக்டோபரில் பிராக் நகரத்தில் ஒரு விருந்து. நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தார், நீர் இறங்கவில்லை. பதினோராம் நாள் ஆள் காலி! யாரோ பாதரசம் கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்றுகூட ஒரு கதை உலாவியது. 2010-ல் கல்லறையைத் தோண்டிப் பார்த்து, விஷமெல்லாம் இல்லை என்று 2012-ல் சொல்லிவிட்டார்கள். பழி மறுபடி மூத்திரப்பை மேலேயே வந்து விழுந்தது.

எனக்கு ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதம். மதுரை வெயில் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாய் எரிகிறது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி வருகிற மாதிரி இருக்கிறது. "சூடுப்பா" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவச் சொன்னார். அத்தை தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார். பார்லித் தண்ணி, வாழைத்தண்டுச் சாறு, மோர், இளநீர், சீரகத் தண்ணி எல்லாம் ஆயிற்று. இவற்றை நான் கேலி செய்யப் போவதில்லை. பார்லியோ மோரோ, உள்ளே போவதில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் நல்லதுதான். ஆனால் உள்ளே கிருமி குடியேறி ரேஷன் கார்டே வாங்கிய பிறகு சுண்ணாம்பு என்ன செய்யும்?

அடுத்து மெடிக்கல் ஷாப். "அண்ணே, யூரின் எரிச்சலுக்கு ஏதாவது..." தலையைக்கூடத் தூக்கவில்லை மனுஷன். கத்திரிக்கோலால் ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்தார். மூணு சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. பாக்கி மூணைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். (பி.காம். படித்தவன், வேஸ்ட் பண்ண மனசு வராது.) ரெண்டு மாதம் கழித்து மறுபடி எரிந்தபோது அந்த மூணு. அப்புறம் இன்னொரு ஆறு. இப்படி ஒரே வருஷத்தில் ஐந்து தடவை!

அப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. என் சீட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் நான் நடந்த நடையைக் கணக்குப் போட்டால் பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்திருக்கலாம். "என்னப்பா, வைகை டேம் ஷட்டர் தொறந்தாச்சா?" என்று ஒருத்தன் கேட்பான். இன்னொருத்தன், "முதல் கட்ட எச்சரிக்கைதான் விட்டிருக்காங்க" என்பான். சிரிப்பேன். வேறு என்ன செய்ய? மீட்டிங் இருக்கிற நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் ராத்திரி குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கம் வலி. மறுநாள் யூராலஜிஸ்ட் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

* * *

வயதான டாக்டர். மருந்துச் சீட்டைத் தொடவே இல்லை, கேள்வியாகக் கேட்டார்.

"ஒரு தடவை போனா எவ்வளவு நேரம் ஆகுது?"

"வாட்ச் பாக்கலையே டாக்டர்."

"யானைக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?"

ஆடிட்டர் ஆபீஸில் இதெல்லாம் யார் சார் சொல்லித் தருகிறார்கள்? அவர்தான் சொன்னார். அமெரிக்காவில் சிலர் மிருகக்காட்சி சாலையில் ஸ்டாப் வாட்சோடு நின்று பார்த்திருக்கிறார்கள். ஆடானாலும் யானையானாலும், மூணு கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகளுக்குச் சராசரியாக இருபத்தொரு செகண்டுதானாம். யானையின் பை பதினெட்டு லிட்டர் பிடிக்கும். ஆனால் குழாயும் பெரிசு, நீளம். அதனால் வேகமாகக் காலியாகிவிடுகிறது. (இந்த ஆராய்ச்சிக்கு 2015-ல் இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு.)

நான் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தேன் என்பது அடுத்த நாள் வாட்ச் பார்த்தபோது தெரிந்தது.

"ஆம்பளைக்கு, அதுவும் உங்க வயசுல, யூரின் இன்ஃபெக்ஷன் ஒரு தடவை வந்தாலே ஏன்னு கேக்கணும். நீங்க அஞ்சு தடவை வந்தும் கேக்கலை" என்றார். காரணம் தூரம். பெண்களுக்கு சிறுநீர்க் குழாய் நாலு சென்டிமீட்டர். ஆண்களுக்கு இருபது. குடலில் சாதுவாக வசிக்கிற ஈ.கோலை என்கிற கிருமிதான் பெரும்பாலான கேஸ்களில் குற்றவாளி. அது வாசலிலிருந்து மூத்திரப்பைக்குப் போக, பெண்கள் உடம்பில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்மக்கல் தூரம். ஆண்கள் உடம்பில் மாட்டுத்தாவணி வரை போக வேண்டும். அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால் உள்ளே யாரோ கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது சர்க்கரை வியாதியாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், குழாயில் சுருக்கம் இருக்கலாம், புராஸ்டேட்டாக இருக்கலாம்.

கல்ச்சர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். மாத்திரை விழுங்குவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். லேபில் கிருமிகளுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். ரெண்டு நாள் ஆகும். இந்த ரெண்டு நாள் பொறுமை இல்லாமல்தான் நாம் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறோம்.

ரிப்போர்ட் வந்தது. ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல் ஈ.கோலை! பக்கத்தில் மருந்துப் பட்டியல். 'எஸ்' என்றால் அந்த மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. நான் ஆறாறாக வெட்டி வாங்கிய மாத்திரைக்கு நேரே பெரிய 'ஆர்'. அதன் சொந்தக்கார மருந்துகளுக்கும் 'ஆர்', 'ஆர்'. மூணு மாத்திரையோடு நிறுத்தியபோதெல்லாம், செத்தது சோப்ளாங்கிக் கிருமிகள். தாக்குப்பிடித்த கிருமிகள் அடுத்த தடவைக்குத் தயாராகிக் கொண்டிருந்திருக்கின்றன. கிருமிக்கு நான் மூணு மாத்திரைகளாக டியூஷன் எடுத்திருக்கிறேன்.

சர்க்கரை இல்லை, கல் இல்லை. புராஸ்டேட் சுரப்பியில்தான் ஆசாமி ஒளிந்திருந்தார். மூத்திரப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிற உறுப்பு. மருந்து அதற்குள் லேசில் இறங்காது. அதனால்தான் மூணு நாள் சாப்பிட்டால் எரிச்சல் போகும், கிருமி போகாது. கேட்கிற மருந்தாகப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் கொடுத்தார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அந்த 'ஆர்'கள் ராத்திரி கனவில்கூட வந்தன!

ஜுரம், குளிர் நடுக்கம், முதுகுப் பக்கம் வலி, வாந்தி, யூரினில் ரத்தம்... இதில் ஒன்று வந்தாலும் பார்லித் தண்ணியெல்லாம் வேண்டாம், அன்றைக்கே டாக்டர். கிருமி கிட்னி வரை போய்விட்டதாக இருக்கலாம். ஆறு மாதத்தில் ரெண்டு தடவை, அல்லது வருஷத்தில் மூணு தடவை வந்தால் 'திரும்பத் திரும்ப வருகிற' கேஸ் என்று கணக்கு.

* * *

டாக்டரின் வெயிட்டிங் ஹாலில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்திமூணு வயதிருக்கும். மேலூர்ப் பக்கம். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ். லைனில் முன்னால் இருந்தவர் நகர மாட்டேன் என்றதால் பேச்சு வந்தது.

"எத்தனாவது தடவைம்மா?"

"எண்ணலைண்ணே. தீபாவளி, ஆடித் தள்ளுபடி முடிஞ்சா கண்டிப்பா வந்துரும்."

காலை ஒன்பதரைக்குக் கடை. ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடி. பாத்ரூம் மொட்டை மாடியில் ஒண்ணே ஒண்ணு. லேடீஸ் மட்டும் நாற்பது பேர். போகணும் என்றால் சூப்பர்வைசரிடம் சீட்டு. அதைக் கேட்கக் கூசிக்கொண்டு காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி, சாயங்காலம் வரை தண்ணீர் கிடையாது.

"தண்ணி நெறையக் குடிம்மா, அடக்காதேங்குறாரு டாக்டர். குடிச்சா அடக்கணும். அடக்காம இருக்கணும்னா குடிக்கக் கூடாது. நான் எதைண்ணே கேக்குறது?"

என்னிடம் பதில் இல்லை. ஆபீஸில் என்னைக் கேலிதான் செய்தார்கள். சீட்டுக் கேட்கவில்லையே!

டாக்டர் சொன்னது சும்மா இல்லை. 2018-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. அடிக்கடி இன்ஃபெக்ஷன் வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்கள். பாதிப் பேர் தினமும் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். மற்றவர்கள் பழையபடி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பழையபடி இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை வந்திருந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. ஏறக்குறைய பாதி! மருந்தில்லை, மாத்திரையில்லை, வெறும் தண்ணீர். அந்த வெறும் தண்ணீரைத்தான் அந்தப் பெண்ணால் குடிக்க முடியவில்லை.

'அங்காடித் தெரு' படம் 2010-ல் வந்தபோது ஜவுளிக்கடைப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். வருகிற வழியில் தீபாவளிக்கு ஒரு சட்டையும் எடுத்தோம். அதே சமயத்தில் மலையாளத்து ஆட்கள் வேறு காரியம் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. நம்ம விளக்குத்தூண் பக்கம் மாதிரி. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கும் இதே கதி. போக இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல், நீர்க்கடுப்போடு நின்றார்கள். அந்தத் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்மணி மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பு ஆரம்பித்தார். முதல் கோரிக்கை சம்பளமில்லை, போனஸ் இல்லை... பாத்ரூம்!

அடுத்து, வியாபாரம் இல்லாத நேரத்தில் உட்கார அனுமதி. ஆமாம் சார், சும்மா உட்கார! திருச்சூரில் 2014 கடைசியில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதற்காகவே மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். கடைசியில் 2018-ல் கேரள அரசு சட்டத்தையே திருத்தியது. அந்த வருஷம் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜி இருந்தார். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டு சட்டசபையும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள்.

இங்கே இன்னொரு சங்கதி ஞாபகம் வருகிறது. தென்மாவட்டத்து பஸ் ஸ்டாண்ட் ஒன்றில், சில்லறை இல்லை என்று உள்ளே விடாமல் ஒருத்தர் என்னை வாசலில் நிறுத்தி வைத்தார். நூறு ரூபாயை நீட்டினேன். மாத்திக்கிட்டு வாங்க என்றார். அந்த நூறு ரூபாயை முழுசாகவே கொடுத்துவிட்டு ஓடினேன்! ஆனால் திருச்சி மாவட்டம் முசிறியில், மா.சுப்புராமன் என்பவர் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் மூலமாக ஒரு பொதுக் கழிப்பறை கட்டி, வந்து போகிறவர்களுக்கு எதிர்த்துக் காசு கொடுத்தார்! சேகரித்ததை உரமாக்கினார்கள். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நான் மட்டும் முசிறியில் பிறந்திருந்தால் அந்த ரெண்டு வருஷத்தில் ஒரு பைக் வாங்கியிருப்பேன்.

* * *

என் கதையில் இடைவேளைக்கு அப்புறம் வேறு படம். மருந்து முடிந்தது. கல்ச்சரில் கிருமியே இல்லை. ஆனால் அவசரம் மட்டும் போகவில்லை! "போனதடவை வந்தவங்க வாடகையைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க, பழக்கத்தை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் டாக்டர். மூணு நாளைக்கு ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு வெளியேறியது, மில்லிக் கணக்கில்.

காலேஜில் படித்த ஒரே வித்தை! இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கினேன். முதல் நாள் செலவுப் பக்கத்தில் இருபத்திரண்டு என்ட்ரி. வரவில் மட்டும் ஏழு டீ. மூணு நாளும் டேலி ஆகவில்லை, வரவு ஜாஸ்தியாகவே இருந்தது. பதறிப்போய்க் கேட்டால், "மதுரையில இருக்கீங்க தம்பி. பாக்கி வேர்வை" என்றார்.

நோட்டில் அவர் பார்த்தது வேறு. ஒவ்வொரு தடவையும் எண்பது, நூறு மில்லிதான் போயிருக்கிறது. பெரியவர்களுக்கு மூத்திரப்பை நானூறு, ஐந்நூறு மில்லி பிடிக்கும். பகலில் ஏழு எட்டுத் தடவை போவது சகஜம். நான் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வெளியே கிளம்பும்போது ஒரு தடவை, பஸ் ஏறுமுன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை என்று போய்ப் போய், கால்வாசி நிரம்பினாலே பெல் அடிக்கும்படி அதைப் பழக்கிவிட்டேன். டீயில் இருக்கிற காஃபீன் வேறு தூண்டிவிட்டது.

வைத்தியம், திரும்பப் பழக்குவது. நான் ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்தேன். அதைக் கடிகாரம் பார்த்து வாரத்துக்குப் பதினைந்து நிமிஷம் தள்ளிப்போட வேண்டும். நடுவில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது. இதுதான் கஷ்டம்! ஓட ஓட இன்னும் முட்டும். நின்ற இடத்தில் நின்று, காற்றுப் பிரியாமல் அடக்குகிற அந்தத் தசையை ஐந்தாறு தடவை இறுக்கி இறுக்கி விட வேண்டும். அவசரம் அலை மாதிரி, ஏறும், இறங்கும். இறங்கியதும் நிதானமாக நடந்து போகலாம். அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் பிள்ளை பெற்ற பெண்களுக்காகச் சொன்ன பயிற்சி இது, ஆண்களுக்கும் கேட்கிறது. கவனத்தைத் திருப்ப நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வருவேன். தொண்ணூற்று மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...

ஒரு நாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இப்படிச் சிலை மாதிரி நின்று முணுமுணுத்துக் கொண்டிருந்தபோது, பூக்கார அம்மா அருகில் வந்து, "என்னய்யா, கோயிலுக்கு வேண்டுதலா?" என்றது. ஆமா என்று சொல்லி ரெண்டு முழம் வாங்கிக்கொண்டேன்.

மூணு மாதத்தில் இரண்டரை மணி நேரம் தாங்க ஆரம்பித்தது. டீ மூணாகக் குறைந்தது. வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போது மட்டும் பாழாய்ப்போன அவசரம் இன்றைக்கும் வரும். அது பலபேருக்கு உண்டாம். இந்தப் பயிற்சிக்கு மசியாதவர்களுக்கு மாத்திரைகளும் இருக்கின்றன. வாய் உலரும், மலச்சிக்கல் வரும் என்கிறார்கள். கத்திரிக்கோல்காரரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

2022 தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்க ஒரு கடைக்குப் போனேன். இரண்டாவது மாடியில் புடவையை விரித்துப் போட்ட பெண் என்னையே பார்த்தது.

"நல்லாருக்கீங்களாண்ணே? நூறு ரூபாய் டாக்டர்கிட்ட பாத்தோம்ல?"

"அட, நீதானா! சட்டமெல்லாம் வந்துருச்சே, உக்கார ஸ்டூல் குடுத்தாங்களாம்மா?"

"குடுத்துட்டாங்கண்ணே, ஆளுக்கு ஒண்ணு. அந்தா பாருங்க."

கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. அதன் மேல் தலைக்கு மேல் உயரத்துக்குப் புடவைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அடிப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி ஒரு தண்ணீர் பாட்டில். பாதி காலியாக இருந்தது.

"குடிக்கிறியா?"

"பாதி பாட்டில் பழக்கியிருக்கேண்ணே" என்றபடி அடுத்த புடவையை விரித்தது. "இந்த அரக்குக் கலர் அம்மாவுக்கு நல்லாருக்கும், பாருங்க."